ஒன்பதாம் குழியில் ஒரு நூல்

போன மாதம் சங்கீதா வீட்டுக்கு வந்திருந்தாள். என்னோடு பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த குப்பம்மாவின் மகள். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய கடை வளாகத்தில், நான்காவது மாடியில், மினி கோல்ஃப் வைத்திருக்கிறார்களாம். அதில் அவளுக்கு வேலை. தரை முழுக்கப் பச்சைக் கம்பளம். காலையில் ஒருமுறை மிஷின் போட்டுத் தூசியை உறிஞ்சினால் வேலை முடிந்தது.

"தண்ணி ஊத்த வாணாம், வெட்ட வாணாம். நீங்கள்லாம் நாள் பூரா இன்னாதான் ஆன்ட்டி செஞ்சினு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் அவளுக்கு இரண்டு தடவை டீ போட்டேன். கிளம்பும்போது, "இதெல்லாம் எழுதி வைங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். பத்தாவது வரை படித்த தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் வயல் வேலைக்குப் போனவர்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நானும் நான்கு வருடம் களை எடுத்தேன். களையிலேயே ரொம்பப் பிடிவாதமானது அருகம்புல். இழுத்தால் பாதி கையோடு வரும், பாதி மண்ணுக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஒரு கணு தங்கினால் போதும், பத்து நாளில் குடும்பத்தோடு திரும்பி வந்துவிடும். பிள்ளையார் தலையில் வைக்கிற அன்றைக்கு மட்டும் அதற்கு மரியாதை. மற்ற நாளெல்லாம் எங்களுக்கு அது சத்துரு.

கல்யாணமாகிக் கரையான்சாவடிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குப் பாடியில் லாரி லோடு வேலை. எண்பதுகளின் நடுவில், குமணன்சாவடியைத் தாண்டி பெங்களூர் ரோட்டு மேல் ஒரு முதலாளி தென்னந்தோப்பு ஒன்றை வாங்கிப் பொழுதுபோக்குத் தோட்டமாக மாற்றினார். ராட்டினம், ஊஞ்சல், படகு விட ஒரு குட்டை, அதன் பக்கத்தில் ஒன்பது குழி மினி கோல்ஃப். மற்றவர்கள் அதைச் சிமெண்டுத் தரையில் போடுவார்களாம். எங்கள் முதலாளி எங்கேயோ வெளிநாட்டில் நிஜப் புல்லில் ஆடியிருக்கிறார். புல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். புல்லைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

மேலாளர் ஞானப்பிரகாசம் சார் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆவடிக்காரர். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத பேண்ட், சட்டைப் பையில் ஆறு அங்குல எவர்சில்வர் ஸ்கேல்.

"புல்லைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?"

"புடுங்கத் தெரியும் சார்."

அவர் சிரிக்கவில்லை. "ரொம்ப நல்லதுங்க. எதிரியை அறிஞ்சவங்கதான் எனக்கு வேணும். திங்கக்கிழமை வந்துடுங்க" என்றார்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், லாரியில் வந்து இறங்கிய கட்டுக்கட்டான புல் அதே அருகம்புல் ஜாதி. இலை மட்டும் ஊசி மாதிரி மெலிசு. நம்ம ஊர் அருகம்புல்லின் பணக்காரச் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடம் நான் பிடுங்கிப் போட்டதை, அதன்பின் முப்பத்து நான்கு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். என் மாமியார் கடைசி வரைக்கும் இதை நம்பவில்லை. "புல்லு வளக்க சம்பளமா? எவன் குடுப்பான்?" என்பார்.

வேலை பழகிய கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். முதல் வருடம் நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாதிப் புல்லை அழுக வைத்தேன். இரண்டாம் வருடம் பயந்து குறைவாக ஊற்றி மீதியைக் காய வைத்தேன். மூன்றாம் வருடம் புல்லும் நானும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டோம்.

சார் எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். புல்லையும் அப்படித்தான். "ஏழாம் நம்பர்ல இருக்கிறவங்க இன்னைக்கு வாடியிருக்காங்க, கொஞ்சம் பாருங்க" என்பார். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நான் முதல் நாள் ஓடிப்போய்ப் பார்த்தேன். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, மரியாதைதான் உயரும். 'நீங்க' என்பது 'தாங்கள்' ஆகிவிடும். "தாங்கள் நேற்று மிஷினைக் கழுவினீர்களா?" என்று கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

இன்னொரு பழக்கம், படுத்துப் பார்ப்பது. தினமும் காலையில் ஒன்பது குழியின் பக்கத்திலும் குப்புறப் படுத்து, கன்னத்தைப் புல்லில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நின்று பார்த்தால் தரை பொய் சொல்லுமாம், படுத்துப் பார்த்தால் சொல்லாதாம். ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள், யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று இரண்டு தடவை இறங்கி ஓடி வந்திருக்கிறார்கள்.

சங்கீதா கேட்ட 'நாள் பூரா' இதுதான். காலை ஆறு மணிக்கு நீள மூங்கில் கழியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துப் புல்லின் மேல் இழுத்துக்கொண்டே போவோம். பனித்துளி உதிர்ந்துவிடும். பிறகு மண்புழு தள்ளிய மண் உருண்டைகளை ஈர்க்குமாறால் கலைக்க வேண்டும். அவை காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் கூட்டினால் அப்பிக்கொள்ளும். அப்புறம் கையால் தள்ளும் மிஷினில் வெட்டு. இன்றைக்குக் கிழக்கு மேற்காக வெட்டினால் நாளைக்கு வடக்கு தெற்காக வெட்டுவோம். ஒரே பக்கமாக வெட்டினால் புல் அந்தப் பக்கமே சாய்ந்து, பந்தையும் கூட இழுத்துக்கொண்டு போகும்.

கடைசியாகக் குழி. ஒரே இடத்தில் இருந்தால் சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் செத்துவிடும். அதனால் நாள் விட்டு நாள் இடம் மாற்ற வேண்டும். அதற்கென்று ஒரு இரும்புக் குழாய் உண்டு, மேலே கைப்பிடி போட்டது. அதைத் திருகித் திருகி இறக்கினால் புல்லோடு மண் உருளையாக வெளியே வரும். அந்த உருளையைப் பழைய குழியில் வைத்து மிதித்துத் தண்ணீர் விட வேண்டும். புதுக் குழிக்குள், பந்து விழுகிற டப்பாவை இறக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், குழாயை மேலே இழுக்கும்போது குழியின் விளிம்பு கொஞ்சம் உப்பிக்கொள்ளும். 'உதடு' என்போம். பலகையை வைத்து மிதித்து அந்த உதட்டைத் தரையோடு தரையாக அமுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மெதுவாக வருகிற பந்து உதட்டில் இடித்துத் திரும்பிவிடும்.

ஆட்டமும் ரொம்பச் சுலபம்தான். மட்டையால் பந்தைத் தட்டி உருட்டிக் குழியில் போட வேண்டும். யார் குறைவான தட்டில் போடுகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். ஆனால் புல் ஆடவிடாது. காலையில் ஈரத்தில் பந்து பாதியிலேயே நின்றுவிடும். மத்தியானம் காய்ந்ததும் அதே தட்டில் குட்டையில் போய் விழும்.

செருப்போடு உள்ளே விட மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதற்கொரு சண்டை நடக்கும். ஒரு முறை ஒருவர் பளபளப்பான பூட்ஸோடு உள்ளே வந்து, "இது இன்னா கோயிலா, கழட்டிட்டு வர்றதுக்கு?" என்று என் மேல் பாய்ந்தார். சார் எழுந்து வந்து, "இல்லீங்க. கோயில்ல தரை கல்லு. அதுக்கு வலிக்காது" என்றார். அந்த மனிதர் ஒரு நிமிடம் முறைத்துவிட்டுக் கழற்றினார். சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை. கோபத்துக்குக் காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

இனி அந்த நாள். தொண்ணூறுகளின் நடுவில், மழைக்காலம் முடிகிற சமயம். பாடியில் இருந்த ஒரு இரும்பு உருக்குத் தொழிற்சாலை, தொழிலாளிகளையும் குடும்பங்களையும் நான்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்குச் சுற்றுலா வந்தது. மினி கோல்ஃப் போட்டி வைத்தார்கள். கடைநிலை ஊழியரிலிருந்து ஜெனரல் மேனேஜர் வரை யார் வேண்டுமானாலும் ஆடலாம். முதல் பரிசு டேபிள் டாப் கிரைண்டர். அதைப் பந்தலில் ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள்.

காலையில் தூறல் இன்னும் நின்றிருக்கவில்லை. குப்பம்மாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. டப்பாக்களில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, நான்கு குழிகளுக்கு இடம் மாற்றி, நான் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒன்பதாம் குழியை வெட்டும்போதே பஸ் ஹாரன் கேட்டது. டப்பாவை இறக்கி, குழிக்கு அடையாளக் கொடியை நட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடினேன்.

மத்தியானத்துக்குள் இறுதி ஆட்டம் வந்துவிட்டது. ஒரு பக்கம் ஜெனரல் மேனேஜர், ஜி.எம். என்பார்கள். உயரமானவர், வெள்ளைத் தொப்பி, ஆட்டம் தெரிந்தவர். இன்னொரு பக்கம் தனபால். வார்ப்புக்கு மணல் அச்சு பிடிக்கிற தொழிலாளி. குள்ளம், தோள் மட்டும் கதவு அகலம். அதற்கு முன் மட்டையைத் தொட்டதே இல்லையாம். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் குனிந்து உள்ளங்கையால் புல்லைத் தடவிப் பார்ப்பார். மணலைச் சமன் செய்தே இருபது வருடம் போன கை. மேடு பள்ளம் அதற்குத் தெரிந்தது.

அவர் மனைவி தேவி பந்தலில் கிரைண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதன் மேல் ஒரு கையை வைத்திருந்தாள்.

எட்டுக் குழி முடிந்தபோது இருவரும் சமம். ஒன்பதாம் குழிக்கு ஜி.எம். மூன்று தட்டு எடுத்துக்கொண்டார். தனபாலின் முதல் தட்டு குழிக்கு நான்கு அடியில் வந்து நின்றது. அடுத்த தட்டில் விழுந்தால் கிரைண்டர் அவருக்கு. தடவிப் பார்த்தார், தட்டினார். பந்து நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. குழியின் வாயில் வந்து, கொஞ்சம் தயங்கி, வலப்பக்கம் திரும்பி, சரிவில் இறங்கிப் போய்விட்டது. இருநூறு பேர் 'ச்சே' என்றார்கள். அவர் முகம் விழுந்துவிட்டது. மூன்றாவது தட்டும் தப்பிப் போய், நான்காவதில்தான் விழுந்தது. ஒரு தட்டில் தோற்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். சுற்றுலாவை ஏற்பாடு செய்த கம்பெனியின் பர்சனல் ஆபீசர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். ஜி.எம். தோற்றுவிடுவாரோ என்று காலையிலிருந்து வியர்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

கூட்டம் சாப்பிடப் போனது. கொடியை எடுக்கப் போன நான், எதற்கோ குனிந்து குழியின் விளிம்பைத் தடவினேன். வலப்பக்கம் உதடு உப்பியிருந்தது. ஹாரன் சத்தத்தில் பலகை வைத்து மிதிக்காமல் ஓடியிருக்கிறேன்.

யாருக்கும் தெரியாது. தெரிந்தது எனக்கு மட்டும். குழாயடியில் தனபால் கை கழுவிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

"அண்ணே, உங்க பந்து உள்ள போவ வேண்டியது. குழிய நான் சரியா அமுக்கல."

அவர் சுற்றிலும் பார்த்தார். "உடுக்கா. ஜி.எம். ஜெயிச்சி குஷியா கீறாரு. நாளைக்கு நான் அவுரு மூஞ்சில முழிக்க வாணாமா? யார்கிட்டயும் சொல்லிக்காத."

அப்பாடா என்றுதான் இருந்தது எனக்கு. திரும்பி நடந்தேன். என்னமோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். அவர் குழாயை மூடாமல், வலது கையை நீட்டிப் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். கைதான் அவருக்குச் சோறு. அந்தக் கை போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவதா? நேராக சாரிடம் போனேன்.

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறவில்லை. "தாங்கள் பலகை வைக்கவில்லையா?" என்றார்.

விழாவுக்கென்று அன்றைக்கு அவர் புது வெள்ளைப் பேண்ட் போட்டிருந்தார். அந்தப் பேண்ட்டோடு ஈரப் புல்லில் குப்புறப் படுத்தார். ஸ்கேலைச் செங்குத்தாக வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். எழுந்தபோது முன்பக்கம் முழுக்கப் பச்சையும் சேறும்.

"ஒரு நூல்" என்றார்.

ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அப்படியே பந்தலுக்கு நடந்து போய் மைக்கைக் கையில் எடுத்தார். "ஒன்பதாம் குழியில் ஒரு தவறு நடந்திருக்கிறது. தவறு தோட்டத்தினுடையது, ஆடியவர்களுடையது அல்ல. அந்தக் குழியை மட்டும் மறுபடியும் ஆட வேண்டும்."

பர்சனல் ஆபீசர் ஓடி வந்தார். "சார், ஜி.எம். சாப்ட்டுட்டு இருக்காரு சார்!"

ஜி.எம். பிரியாணியில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "குழி வெட்டினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் சார்.

"இல்ல சார், நானு. நான்தான் வெட்னேன்" என்று முன்னால் போய் நின்றேன்.

ஜி.எம். சாரின் பேண்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒரு குழிக்கு ரெண்டு பேரா?" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் இலையைப் பார்த்தார், பாதி பிரியாணி மிச்சம் இருந்தது. ஒரு பெருமூச்சு விட்டு, "கையைக் கழுவிட்டு வரேன்" என்று எழுந்தார்.

சார் என்னிடம், "தாங்களே சரி செய்யுங்கள்" என்றார். இருநூறு பேர் வட்டமாக நிற்க, பலகையை வைத்து ஏறி மிதித்தேன், தண்ணீர் தெளித்தேன், மறுபடி மிதித்தேன், தடவிப் பார்த்தேன். அதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். என் முப்பத்து நான்கு வருடத்தில் அவ்வளவு நீளமான இரண்டு நிமிடம் வேறு கிடையாது. தனபாலைக் கூப்பிட்டு, "நீங்களும் தடவிப் பாருங்கண்ணே" என்றேன். மண்டியிட்டுத் தடவினார். பழைய உதடு எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னார், காட்டினேன். அன்றைக்குத் தப்பியது கை இல்லை என்று புரிந்திருக்க வேண்டும், அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

ஜி.எம். ஆடினார். மனிதர் என்ன வேகத்தில் இருந்தாரோ, இரண்டே தட்டு. இரண்டாவது தட்டு நீளமானது, அழகாக உள்ளே போனது. கூட்டம் கத்தியது. தனபாலின் முதல் தட்டு குழிக்கு மூன்று அடியில். போட்டால் சமம், இன்னொரு ஆட்டம் வைக்க வேண்டும். தட்டினார். பந்து குழியைத் தொடாமலே ஒரு விரல் தள்ளிப் போய்விட்டது. இந்தத் தடவை உதடும் இல்லை, ஒன்றும் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பேரைச் சோற்றிலிருந்து எழுப்பி, கடைசியில் இதற்குத்தானா என்று இருந்தது. தனபால் மட்டையை என்னிடம் கொடுக்க வந்தார். வாயெல்லாம் பல்.

"போன தபா நீ தோக்கடிச்ச. இந்த தபா நானே தோத்தேன்க்கா" என்றார். வலது கையை ஆட்டிக் காட்டிவிட்டுப் பிரியாணிக்குப் போனார்.

ஜி.எம். அவரைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னதாகக் குப்பம்மாவிடம் பிறகு நான் சொன்னேன். அது என் ஆசை. நிஜத்தில் அப்படி நடக்கவில்லை. இருவரும் வேறு வேறு வரிசையில்தான் சாப்பிட்டார்கள். கிரைண்டர் ஜி.எம். காரின் டிக்கியில் ஏறியது. அந்தக் கார் கேட்டைத் தாண்டும் வரை தேவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயந்திரம் எல்லோரும் போன பிறகு சாரிடம், "நீங்க ஏன் சார் நான்தான்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

காய்ந்துபோன சேற்றைப் பேண்ட்டிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தார். "காலையில ஒன்பதாம் குழியில நான் படுத்துப் பார்க்கலைங்க. புதுப் பேண்ட்டாச்சேன்னு நின்னே பார்த்தேன்" என்றார்.

அடுத்த வருடம் அதே கம்பெனி மறுபடியும் வந்தது. பர்சனல் ஆபீசர் வேறு இடம் தேடியிருக்கிறார், ஜி.எம். 'அங்கேயே போகலாம்' என்றாராம். இந்த முறை பெண்களுக்கும் போட்டி. முதலில் பெயர் கொடுத்தது தேவி. ஆட்டத்துக்கு முன், புடவையைச் செருகிக்கொண்டு, ஒன்பது குழியிலும் மண்டியிட்டு விளிம்பை விரலால் சுற்றித் தடவினாள். ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒன்பதாம் குழியில் மட்டும் இரண்டு சுற்று. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "செரி, ஆடலாம்" என்றாள்.

அரையிறுதி வரை வந்து, கம்பெனி கேன்டீனில் இட்லி ஊற்றுகிற ஒரு அம்மாவிடம் தோற்றாள். கிளம்பும்போது பஸ் ஜன்னலிலிருந்து என்னைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"குழியெல்லாம் சரியாத்தான் இருந்துச்சுக்கா," என்றாள். "ஆட்டந்தான் சரியில்ல."